முள்ளங்கியின் சாட்சியம்

எங்கள் தெருத் தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. நான் வேலை பார்க்கும் நீர்த்தூய்மை உயர் ஆய்வு நிறுவனத்தில் எனக்குத் தரப்பட்டிருக்கும் அதிகாரம் குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, கவிழ்த்ததை நிமிர்த்துவது, நிமிர்த்தியதில் மேலதிகாரிகள் ஊற்றச் சொல்வதை ஊற்றுவது. வேதியியலில் முதுகலை படித்தவள் என்பதால் குடுவை கழுவுவதில் என் கை சுத்தம் என்று அங்கே நல்ல பெயர் உண்டு.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தெருவிலும் நான்தான். அதனால் தெருவில் எனக்கு டிகிரி என்று பெயர். "டிகிரி, அந்தக் குடத்தைக் கொஞ்சம் தூக்கி விடு" என்பார்கள். பட்டத்தால் தெருவுக்கு அதுவரை கிடைத்த பலன் அவ்வளவுதான்.

நிறுவனத்தில் காலை வேலை நீர் உறுதிமொழியோடு தொடங்கும். எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு துளியும் தூயது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். டம்ளர் காலியாக இருக்கும். முன்பெல்லாம் தண்ணீர் ஊற்றித்தான் சொன்னார்களாம். ஒருநாள் கணக்குப் பிரிவில் ஒருவர், சொல்லி முடித்ததும் பழக்க தோஷத்தில் குடித்துவிட்டார். குடித்தது சான்று பெற்ற தண்ணீரா என்று விசாரிக்கக் குழு போட்டார்கள். அன்றிலிருந்து காலி டம்ளர். அந்தக் குழு இன்னும் கலைக்கப்படவில்லை. அதற்குத் தனி அறையும் மின்விசிறியும் இருக்கின்றன. தண்ணீரைக் குடித்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

எங்கள் தெரு பசை ஆலைக்குப் பின்புறம் இருக்கிறது. மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுவதற்கான பசையை அங்கே காய்ச்சுகிறார்கள். அதில் சேரும் பீனால் என்ற ரசாயனத்தின் மிச்சம் மண்ணில் இறங்கி, எங்கள் அடிகுழாயில் ஏறுகிறது. பார்க்கத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். முகர்ந்தால் ஆஸ்பத்திரித் தரை.

"நம்ம தெருவுல வீடு துடைக்க மருந்து வாங்க வேண்டியதில்லடி" என்பார் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. "வயித்தையும் சேத்துத் துடைச்சு விட்டுடுது."

வாரத்தில் சில நாள் நகராட்சி லாரி வரும். வந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு குடம். அது தீர்ந்தால் அடிகுழாய்.

அக்காவுக்கு அப்போது வயிற்றில் மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் பிறக்கவில்லை. பிரசவ டாக்டரம்மா இரண்டாவது தடவையே அக்காவின் நகத்தையும் நாக்கையும் பார்த்துவிட்டு, எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடுத்த தடவை நின்னா முதல்ல தண்ணிய மாத்துங்க" என்றார். அக்காவும் சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தண்ணீரை மாற்றுவதென்றால் உடுப்பை மாற்றுகிற மாதிரியா. மாமா நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். வரும்போது இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருவார். அக்கா அதை மருந்து மாதிரி மூடியில் அளந்து குடிப்பாள்.

முள்ளங்கித் தோலில் ஒரு நொதி இருக்கிறது. தோலை அரைத்து வடித்து அந்தச் சாற்றைத் தண்ணீரில் விட்டு, புண் கழுவுகிற பெராக்சைடை அளந்து சில சொட்டு சேர்த்தால், அந்த நொதி பீனாலைத் தேடிப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடும். கோத்தது கனத்துப் போய்ப் பழுப்புத் திப்பியாக அடியில் உட்காரும். மேலே நிற்பதை வடிகட்டி, கரியில் ஓடவிட்டால் வாசம் போய்விடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. படித்தவர்கள் பலர் பல இடங்களில் செய்து பார்த்தது. கல்லூரியில் நானும் செய்தேன். என் கண்டுபிடிப்பு வேறு. எங்கள் அம்மா அதே நிறுவனத்தின் கேன்டீனில் காய் நறுக்குகிறாள். இயக்குநருக்கு முள்ளங்கி பிடிக்கும். அதனால் நிறுவனத்தில் எல்லோருக்கும் முள்ளங்கி பிடிக்கும். தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது. அதைத்தான் நான் கண்டுபிடித்தேன்.

வீட்டில் ஒரு குடத்தில் போட்டுப் பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் முதலில் ஒரு மங்கல் வந்தது. பிறகு பழுப்பு இழைகள் ஓடின. கடைசியில் டீத்தூள் மாதிரி எல்லாம் அடியில் இறங்கியது. அக்கா குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"வாசம் இல்லடி" என்றாள். பிறகு இன்னொரு தடவை முகர்ந்தாள். "என் மூக்குதான் அடைச்சிருக்கோ?"

வடித்த தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துப் போய் ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். பீனால் இருக்க வேண்டிய இடத்தில் கருவி ஒரு கோடு போட்டது. மேடு எதுவும் எழும்பாத, படுத்த கோடு. அதை அக்காவிடம் காட்டினேன். "இது நல்ல கோடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று அவள் ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் குடித்தாள். அளக்கவில்லை.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் வேலை பார்ப்பது தண்ணீரைச் சுத்தப்படுத்துவதற்கென்றே கட்டிய கட்டடத்தில். ஒரு குடத்தில் நடந்ததை ஒரு தெருவுக்குச் செய்ய அங்கே தொட்டி இருக்கிறது, பம்பு இருக்கிறது, கரிப்படுகை இருக்கிறது. இயக்குநரிடம் போனேன்.

இயக்குநர் மரியாதையானவர். எதிரே நிற்பவர் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொள்வார்.

"முள்ளங்கியா?" என்று கண்ணைத் திறந்தார். "நாம சாப்பிடற முள்ளங்கி?"

"ஆமா சார். தோல்தான். அதுல இருக்கற நொதி."

"அது உயிரோட இருக்கா?"

"நொதிக்கு உயிர் கிடையாது சார். ஆனா வச்சிருந்தா கெட்டுப் போயிடும். புதுசா அரைக்கணும்."

"உயிரே இல்லாதது எப்படிம்மா கெட்டுப்போகும்?"

பக்கத்தில் பாதுகாப்பு அலுவலர் நின்றிருந்தார். எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் மூடியைத் தேடுகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூடி சார். அவர் என் கையிலிருந்த குடுவையை வாங்கி, அதற்கு ஒரு மூடி போட்டு, திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "சார், இது தாவரம். தாவரம் நம்ம எல்லைக்குள்ள வராது."

அப்படித்தான் முள்ளங்கித் தோல் ஊர்வலம் புறப்பட்டது. வேளாண் பிரிவுக்குப் போனது. சீவிய பிறகு அது செடி இல்லை, கழிவு என்றார்கள். கழிவுப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது ஏதோ பயன்படுதுன்னு எழுதியிருக்கீங்களே" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"பயன்பட்டா அது கழிவு இல்லையேம்மா. நீங்க கொஞ்ச நாள் இதைப் பயன்படுத்தாம இருங்க. அப்புறம் எடுத்துக்கறோம்."

உணவுப் பிரிவில், யாராவது சாப்பிட்டு ஏதாவது ஆனால் வந்து சொல்லுங்கள் என்றார்கள். தண்ணீர் பிரிவில், தோல் கரைந்து தண்ணீரான பிறகு வரச் சொன்னார்கள். போன இடத்திலெல்லாம் ஒரு கிண்ணம் சாறு கேட்டார்கள். கொடுத்தேன். எல்லாம் மேசை மேல் இருந்தே புளித்து நாறியது. பிறகு, நாறுகிறது என்று என் பெயரில் நான்கு பிரிவிலிருந்தும் புகார் வந்தது.

இதற்கிடையே வயிறு பெருத்ததால் தையல்காரம்மா அக்காவின் உடுப்பில் பக்கத் தையலைப் பிரித்து விட்டார். நாலாவது பிரிவு பதில் சொல்வதற்குள் இன்னொரு தடவை பிரித்தார். "இதுக்கு மேல துணி இல்லடி டிகிரி" என்று என்னிடம் சொன்னார். "உங்க ஆபீஸ் இழுக்கற இழுப்புக்கு அங்க துணி நிறைய இருக்குமா?"

வீட்டில் ஒவ்வொரு நாளும் அம்மா பையில் தோல் கொண்டுவந்தாள். நான் அரைத்தேன். அக்கா குடித்தாள். பிள்ளை அசைகிறது என்று ஒருநாள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். முந்தைய இரண்டு தடவையும் அந்த இடம்வரை வந்ததில்லை. அம்மா அன்று தோலைக் கூடுதலாகக் கழுவினாள்.

கடைசியில் இயக்குநரே ஒரு செய்முறை விளக்கத்துக்கு ஒப்புக்கொண்டார். அரங்கம், ஒலிபெருக்கி, முன்வரிசையில் பிரமுகர்கள். விண்ணப்பத்தில் தலைப்பு கேட்டார்கள். "பசை ஆலைத் தெரு நீரிலிருந்து நொதி கொண்டு நச்சு நீக்குதல்" என்று எழுதினேன். கேனில் எங்கள் அடிகுழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் மூடி சார் மறித்தார்.

"இதுல என்னம்மா?"

"எங்க தெருத் தண்ணி சார். இன்னைக்குக் காட்டறதுக்கு."

"நச்சு இருக்கா?"

"இருக்கு சார். அதுக்குத்தானே."

"நச்சு இருக்கற தண்ணிய வளாகத்துக்குள்ள விட முடியாது. இது நீர்த்தூய்மை நிறுவனம்."

"சார், உள்ள கொண்டுபோய்தான் நச்சை எடுக்கப் போறேன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. "சரி, ஒண்ணு பண்ணு. முதல்ல வெளியிலயே நச்சை எடுத்துடு. அப்புறம் உள்ள கொண்டு வா. உள்ள வந்து எல்லாருக்கும் எடுத்துக் காட்டு."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டல் செய்கிறார் என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் கேனுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்துவிட்டு, காவலறைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்.

மேடையில் சான்று பெற்ற தண்ணீர் வைத்திருந்தார்கள். முத்திரையிட்ட பாட்டில். இயக்குநர் மேசையில் தினமும் இருக்கும் அதே தண்ணீர்.

"சார், இதுல பீனாலே கிடையாது" என்றேன், ஒலிபெருக்கிக்கு எட்டாமல்.

"கிடையாதுதானே" என்றார் இயக்குநர், பெருமையாக. "சான்று இருக்கு. ம், ஆரம்பிம்மா."

ஆரம்பிக்காமல் இறங்கி வந்திருந்தால் தற்காலிகப் பணியாளான நான் மேடையை அவமதித்தேன் என்று ஆகியிருக்கும். தொட்டியும் பம்பும் அதோடு போயிருக்கும். சாற்றை ஊற்றினேன். சொட்டு விட்டேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. நடப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் சும்மா கிடந்தது. கருவி முதலிலும் படுத்த கோடு போட்டது, பிறகும் படுத்த கோடு போட்டது.

"நீக்கப்பட்ட நச்சு எவ்வளவு?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். ஏன்னா இந்தத் தண்ணில..."

"ஒன்றும் இல்லை" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் திரும்பச் சொன்னார். அவர் குரலில் ஈரம் இருந்தது. அவர் பேசியதை நான் மறக்க முயன்றும் முடியவில்லை.

"நண்பர்களே, பசை ஆலைத் தெருத் தண்ணீரைப் பற்றி எத்தனை பேச்சு, எத்தனை புகார். நாங்கள் என்றாவது பதில் சொன்னோமா? இல்லை. ஏனென்றால் மனிதன் பொய் சொல்வான். நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் தாவரம் பொய் சொல்லாது. நச்சைத் தேடிப் பிடிக்கும் என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒரு நொதியை இன்று இறக்கினோம். அது தேடியது. பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய சாட்சி எது? தலைப்பை நாங்கள் எழுதவில்லை. அந்தத் தெருவின் மகளே எழுதியிருக்கிறாள். தன் தெருத் தண்ணீர் தூயது என்று அவளே நிரூபித்திருக்கிறாள். இந்த நிறுவனம் தோன்றிய நாள் முதல் ஒரு சொட்டுத் தண்ணீரையும் நாங்கள் சுத்தப்படுத்தியதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். தேவை வரவில்லை என்பதுதான் எங்கள் சாதனை."

எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பரிசாக, மரப்பீடத்தில் பதித்த கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கொடுத்தார்கள். காலி டம்ளர். படம் எடுத்தார்கள். நான் வாயைத் திறந்தபோது எடுத்ததால் படத்தில் சிரிக்கிற மாதிரி விழுந்திருக்கிறேன்.

அந்தப் படம் அடுத்த வாரம் எங்கள் அடிகுழாய்க்கு மேலேயே ஒட்டப்பட்டது. கீழே, இத்தெரு நீரின் தூய்மை அறிவியல் முறையில் உறுதியாகிவிட்டதால் நகராட்சி லாரி இனி வராது என்று அச்சடித்திருந்தார்கள்.

குடங்களை வைத்துக்கொண்டு தெரு முழுவதும் என் படத்தின் முன்னால் நின்றது. நான் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தையல்காரம்மா தோளில் அளவு நாடாவோடு எதிரே வந்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் கத்துவார். அன்று கத்தவில்லை.

"ஏன்டி டிகிரி" என்றார். "உன்னை நாங்க எதுக்குடி படிக்க வச்சோம்?"

"ஐயோ, அது நம்ம தண்ணியே இல்ல. பாட்டில் தண்ணி..."

"படத்துல சிரிக்கிறியே."

எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தபோதெல்லாம் அந்தத் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் குழம்பு தண்ணியாக இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் எல்லாம் விழுந்திருக்கும்.

"விடுடி" என்றாள். "லாரித் தண்ணி இல்லன்னா உன் முள்ளங்கித் தண்ணி. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

மறுநாளிலிருந்து நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். வாசலில் ஒரு பீப்பாய் வைத்தேன். அம்மா இரண்டு பையில் தோல் கொண்டுவந்தாள். அடிகுழாய்த் தண்ணீரை அதில் நிரப்பி, தெருவுக்கே சாறு ஊற்றி வடித்துக் கொடுத்தேன். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் தையல்காரம்மா ஒரு சொம்பை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்துவிட்டு, மறுபடி சொம்பை நீட்டினார். அதன் பிறகு வரிசை நின்றது. பீப்பாயின் அடியில் பழுப்புத் திப்பி விரல் கனத்துக்கு ஏறியது. அதைக் கரண்டியால் வழித்து ஒரு வாளியில் சேர்த்து மூடி வைத்தேன். இத்தனை வருடம் எங்கள் வயிற்றுக்குள் போனது ஒரு வாளியில் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. சிலர் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார்கள்.

வாளியின் செய்தி நிறுவனத்துக்கும் போனது.

மூடி சார் வந்தார். கூடவே எழுதுவதற்கு ஒரு பெண், தூக்குவதற்கு இரண்டு ஆள். மூடி திறந்திருந்த பீப்பாயைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடியது. எட்டிப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"இதுதான் சார் நச்சு. இதைத்தான் உள்ள விட மாட்டேன்னு சொன்னீங்க. இப்ப பாருங்க, நீங்களே எடுத்துட்டுப் போய்ச் சோதிங்க."

"அடிகுழாய்ல வரும்போது தண்ணி எப்படி இருந்தது?"

"பாக்கத் தெளிவா..."

"தெளிவா இருந்தது" என்று எழுதும் பெண்ணிடம் சொன்னார். "நீ உன் சாறை ஊத்தினதும்?"

"பழுப்பா மாறும் சார். நச்சு எல்லாம் ஒண்ணா சேந்து..."

"பழுப்பா மாறுச்சு." அவர் அவள் பேனாவை வாங்கி, மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. தெளிவா இருந்த தண்ணில நீ ஒண்ணை ஊத்தினே. அழுக்கு வந்தது. அழுக்கு எதுல இருந்து வந்தது?"

எனக்கு நிஜமாகவே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது வரும்.

அவர் உத்தரவைப் படித்தார். அரசு ஆய்வில் தூயது என்று நிரூபணமான நீரை, உரிய அனுமதியின்றித் தாவரக் கழிவைக் கலந்து மாசுபடுத்தியது குற்றம். மாசுபடுத்தியவரே தமது சொந்த உழைப்பில், அலுவலர் முன்னிலையில், நீரை அதன் அசல் நிலைக்குத் திருப்ப வேண்டும்.

"அசல் நிலைன்னா?" என்று கேட்டேன்.

"எடுத்ததைத் திருப்பிப் போடு."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வாளியில் இருந்ததைப் பீப்பாயில் கொட்டச் சொன்னார். கொட்டினேன். வடித்து வைத்த நல்ல தண்ணீருக்குள் பழுப்பு குபுக்கென்று இறங்கி, உருண்டு, அடியில் போய் உட்கார்ந்தது.

"கலக்கு."

கலக்கினேன். துடுப்பை நிறுத்தியதும் உட்கார்ந்தது.

"நல்லா கலக்கும்மா."

"கலக்கினாலும் கரையாது சார். அந்த நொதி கோத்தா கோத்ததுதான். திரும்பப் பிரியாது."

"முயற்சி பண்ணாம சொல்லக் கூடாது."

தூக்க வந்த இரண்டு ஆளையும் கலக்கச் சொன்னார். அவர்களும் வேர்க்க வேர்க்கக் கலக்கினார்கள். கடைசியில் அவரே சட்டைக்கையை மடித்துக்கொண்டு துடுப்பை வாங்கினார். எங்கள் தெருத் தண்ணீருக்காக அந்த நிறுவனத்தில் ஒருவர் கை நனைந்து உழைத்தது அன்றுதான். துடுப்பை எடுத்ததும் பழுப்பு அமைதியாக அடியில் போய்ப் படுத்தது. மேலே தண்ணீர் தெளிந்தது, வாசமில்லாமல்.

எதிர்வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். மூடி சார் துடுப்பைக் கீழே வைத்தார்.

"கவிழ்த்துடுங்க" என்றார். "குழாய்லருந்து புதுசா பிடிச்சு நிரப்புங்க."

கவிழ்த்தார்கள். நல்ல தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓடியது. தையல்காரம்மா ஓடிவந்து ஒரு சொம்பை அதில் நீட்டினார். அதற்குள் மண் கலந்துவிட்டது. அடிகுழாயை மாறி மாறி அடித்துப் பீப்பாயை நிரப்பினார்கள். ஆஸ்பத்திரித் தரையின் வாசம் வீட்டுக்குள் வந்தது. மூடி சார் எட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அவருக்கு முகம் தெளிந்தது.

"அசல் நிலைக்கு வந்துடுச்சான்னு உள்ளூர் ஆள் ஒருத்தர் குடிச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றார். "உத்தரவுல இருக்கு."

யாரும் அசையவில்லை. அவர் கண் ஒவ்வொருவராகத் தாண்டி, வாசற்படியில் சுவரைப் பிடித்து நின்ற அக்காவிடம் வந்து நின்றது. பெரிய வயிறு. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். "நீங்கதான் இந்த வீடா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அக்கா உள்ளே போனாள். டம்ளரோடு வந்தாள். என் பரிசு டம்ளர். மரப்பீடத்திலிருந்து பெயர்த்து எடுத்திருந்தாள். பீப்பாயில் முக்கி எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல நீங்க குடிங்க."

"நான் வெளில எங்கயும் குடிக்கறதில்லம்மா" என்று அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"சுத்தமான தண்ணிதானே."

"சுத்தம்தான். எனக்குப் பழக்கமில்ல."

அக்கா கையை மடக்கவில்லை. நான் டம்ளரை அவள் கையிலிருந்து பிடுங்கிக் குடித்தேன். தொண்டை எரிந்தது.

"எப்படி இருக்கு?" என்று எழுதும் பெண் கேட்டாள். அவள் சின்னப் பெண்.

"பழைய மாதிரியே இருக்கு."

"பழைய மாதிரியே" என்று மூடி சார் சொல்ல, அவள் எழுதினாள். வேலை முடிந்தது. போகும்போது அவர் பீப்பாய்க்கு ஒரு மூடி தேடினார். கிடைக்கவில்லை. வாளியின் மூடியை எடுத்துப் போட்டார். அது சின்னது, உள்ளே விழுந்து மிதந்தது.

பிறகு அம்மா வேலையிலிருந்து வந்தாள். பீப்பாயைப் பார்த்தாள், சாக்கடையைப் பார்த்தாள். அடுப்படியில் பையைக் கவிழ்த்தாள். கேரட் தோல்.

"முள்ளங்கி வாங்கக் கூடாதுன்னு கேன்டீனுக்கு உத்தரவு வந்துடுச்சு" என்றாள். "தண்ணிய அழுக்காக்கற காயாம். இருந்ததையும் வண்டில ஏத்திட்டாங்க. கடைத்தெருவுலயும் கேட்டுப் பாத்தேன், விக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்." தோலைக் கையால் பரப்பினாள். கழுவிக் கொண்டுவந்திருந்தாள். "இதுல இருக்குமாடி அது?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் மாமா கொண்டுவந்த கேன், அடியில் இரண்டு டம்ளர் அளவு.

கேரட் தோலில் இருக்கும் துளி அளவுக்கு அந்த நொதி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். நான் முதுகலை படித்தவள். எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, மிக்ஸி ஜாரைக் கழுவினேன்.